ஈரத்தாளும் அரசாங்கக் கடிதமும்

வில்லியம் ஹென்றி வாடிங்டனை அறிந்தவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து கிடக்கிறார்கள். கல்வெட்டுக்காரர்களுக்கு அவர் ஓர் எண். சிரியாவின் கிரேக்கக் கல்வெட்டு ஒன்றைக் குறிப்பிடும்போது ‘வாடிங்டன் 2558’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அரசியல் வரலாறு படிப்பவர்களுக்கு அவர் 1878 பெர்லின் மாநாட்டில் பிரான்சுக்காக உட்கார்ந்த வெளியுறவு அமைச்சர், 1879இல் பதினோரு மாதம்கூட நிறைவு செய்யாத பிரதமர், பிறகு பத்தாண்டுகள் லண்டன் தூதர். நல்ல அறிஞர் ஒருவர் அரசியலுக்குப் போய் வீணானார் என்பது முதல் கூட்டத்தின் வருத்தம். புத்தக அறையிலிருந்து வந்தவர், பெர்லினிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார் என்பது இரண்டாம் கூட்டத்தின் தீர்ப்பு. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. கல்லின் முன்னால் அவர் கற்றுக்கொண்ட பழக்கத்தைத்தான் அமைச்சர் நாற்காலியிலும் கைவிடாமல் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். அந்தப் பழக்கம் ஒரு நாட்டின் தலைவிதியிலும் கைவைத்தது. அதனால் அதைப் பாராட்டுவதா, நொந்துகொள்வதா என்பதில்தான் மனம் இன்னும் நிலைகொள்ளவில்லை.

பின்னணி கொஞ்சம் போதும். 1826 டிசம்பரில் வடமேற்கு பிரான்சின் சேன்-ரெமி-சூர்-ஆவ்ர் என்ற ஊரில், இங்கிலாந்திலிருந்து வந்து பருத்தி ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்தார். புராட்டஸ்டன்டு. படிப்பு இங்கிலாந்தில், ரக்பி பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும். 1849 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டை வென்ற கேம்பிரிட்ஜ் படகில் துடுப்புப் போட்டவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் பிரான்ஸ் திரும்பி, கையில் இருந்த பணத்தையும் வயதையும் ஆசியா மைனரின் (இன்றைய துருக்கிப் பகுதி) பழைய நாணயங்களிலும் கல்வெட்டுகளிலும் போட்டார். பிலிப் லெ பா தொடங்கி, 1860இல் அவர் இறந்ததால் அரைகுறையாக நின்றுபோன பெரிய கல்வெட்டுத் தொகுப்பை எடுத்து நடத்தியது வாடிங்டன்தான். 1865இல் பாரிஸின் கல்வெட்டு, இலக்கியக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அரசியல் அதற்குப் பிறகு வந்தது.

கறுப்புக் கல்

1860களின் தொடக்கத்தில் அவர் தொல்லியல் அறிஞர் மெல்கியோர் டெ வோகுயேயுடன் சிரியாவில் அலைந்தார். டமாஸ்கஸுக்குத் தெற்கே ஹவுரான் பகுதி முழுக்கக் கறுப்பு எரிமலைக் கல். பழைய கோயில்களின் கற்களைப் பிற்காலத்தவர் வீட்டுச் சுவருக்கும் நிலைப்படிக்கும் எடுத்துக்கொண்டதால், எழுத்துகள் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் பாதி பூசப்பட்டும் கிடக்கும். கறுப்புக் கல்லில் வெட்டிய எழுத்துக்கு நிழலைத் தவிர வேறு நிறமில்லை. உச்சிவெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்ந்து விழும் அரைமணி நேரம்தான் படிக்கத் தோதான நேரம்.

அந்தக் காலத்துக் கல்வெட்டுப் பயணிகள் படி எடுத்த முறை, நம்மவர்கள் எடுக்கும் மைப்படியிலிருந்து கொஞ்சம் மாறுபட்டது. மை கிடையாது, ஈரத்தாள் மட்டும். முதலில் கல்லை முரட்டுத் தூரிகையாலும் தண்ணீராலும் கழுவி, எழுத்துக் குழிக்குள் இருக்கும் மண்ணையும் பாசியையும் வெளியேற்ற வேண்டும். பசையேற்றாத தடித்த தாளை நனைத்துக் கல்மேல் போர்த்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை விரட்ட வேண்டும். பிறகு அடர்ந்த மயிருள்ள தூரிகையால் செங்குத்தாக அடிக்க வேண்டும். தேய்த்தால் தாள் கிழியும், அடித்தால் குழிக்குள் இறங்கும். கிழிந்த இடத்தில் இன்னொரு துண்டை வைத்து மறுபடியும் அடிக்கலாம். பிறகு கல்லின் மேலேயே காயவிட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு உரித்தால் பதிந்ததெல்லாம் தளர்ந்துபோகும். காற்று அடித்தால் ஓரம் முதலில் காய்ந்து சுருண்டு, மொத்தத் தாளும் கழன்று விழும். நன்றாகக் காய்ந்த தாள் அட்டை போல விறைத்திருக்கும். சுருட்டிக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வரலாம், ஐரோப்பாவில் மேசைமேல் விரித்து எந்த விளக்கையும் எந்தக் கோணத்திலும் வைத்துப் படிக்கலாம். கல்லுக்கு எதிரே நின்று கண்ணால் படித்தவன் தான் எதிர்பார்த்ததைப் படித்துவிடுவான். தாளுக்கு எதிர்பார்ப்பு கிடையாது.

2558ஆம் எண் டமாஸ்கஸுக்குத் தெற்கே டெய்ர் அலி என்ற ஊரில் கிடைத்தது. லெபாபா என்ற கிராமத்தின் மார்க்கியன் கூட்டத்தார் கூடும் இடம் இது, பவுல் என்ற மூப்பரின் முயற்சியால் 630ஆம் ஆண்டில் எழுந்தது என்று அதில் இருக்கிறது. திருச்சபை ‘பிழை நெறி’ என்று ஒதுக்கிய ஒரு பிரிவு, தன் பெயரை மறைக்காமல் வாசலில் வெட்டி வைத்திருக்கிறது. இந்தக் கல்லின் முழு எடையும் அந்த ஆண்டு எண்ணில்தான் இருக்கிறது. கிரேக்கத்தில் எண்ணை எழுத்தால் எழுதுவார்கள். கி என்ற எழுத்து 600, லாம்டா 30. லாம்டா என்பது கூரை போன்ற இரண்டு கோடுகள். நடுவில் ஒரு குறுக்குக் கோடு வந்தால் அது ஆல்ஃபா, 1. அடியில் கோடு வந்தால் டெல்டா, 4. கல்லில் ஒரு கீறல் 630ஐ 601ஆகவோ 604ஆகவோ காட்டிவிடும். எழுத்தைச் சரியாகப் படித்த பிறகும் வேலை முடிவதில்லை. 630 என்பது எந்தக் கணக்கில்? அந்தப் பகுதியில் ஒரே காலத்தில் பல ஆண்டுக் கணக்குகள் புழங்கின. ரோமானிய அரேபியா மாகாணம் கி.பி. 106இலிருந்து எண்ணியது. அந்தக் கணக்கில் இந்தக் கட்டடம் எட்டாம் நூற்றாண்டுக்குப் போய்விடும். கி.மு. 312இல் தொடங்கும் செலூக்கியக் கணக்கில் கி.பி. 318-319 வரும். ஊர் எந்த எல்லைக்குள் இருந்தது, பக்கத்து ஊர்க் கற்கள் எந்தக் கணக்கைச் சொல்கின்றன என்று ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினால்தான் முடிவுக்கு வரமுடியும். 318 என்று நிலைபெற்றதும், ஆண்டு பொறித்த கிறிஸ்தவ வழிபாட்டிடக் கல்வெட்டுகளில் மிகப் பழையது இது என்றானது.

ஆண்டுக் கணக்கில் அவர் வேறொரு பெரிய சிக்கலையும் தொட்டார். ஸ்மிர்னாவின் ஆயர் பொலிகார்ப்பு எரிக்கப்பட்டது மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்தில் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதியதை வைத்து, 166-167ஐ ஒட்டித்தான் எல்லோரும் சொல்லிவந்தார்கள். அவர் எரிக்கப்பட்டதைச் சொல்லும் பழைய மரணக் குறிப்பிலோ அப்போதைய ஆளுநர் பெயர் ஸ்டாட்டியஸ் குவாட்ரட்டஸ் என்று இருக்கிறது. அந்தப் பெயருடையவர் ரோமில் 142இல் கான்சல் என்ற உயர்பதவியில் இருந்தவர். கான்சலாக இருந்தவர் ஆசிய மாகாண ஆளுநர் ஆவதற்கு அந்தக் காலத்தில் ஏறத்தாழ பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள் ஆகும். சொற்பொழிவாளர் அலியஸ் அரிஸ்டைடீஸ் தன் நோயின் ஆண்டுகளை எண்ணிக்கொண்டே போகும்போது ஆளுநர்களின் பெயர்களையும் சொல்லிப்போகிறார். அதைக் கோத்து, 1867இல் வெளியிட்ட ஆய்வில் குவாட்ரட்டஸின் ஆட்சி ஆண்டை 154-155 என்று வாடிங்டன் நிறுத்தினார். மரணக் குறிப்பு அந்த நாளைப் ‘பெரிய ஓய்வுநாள்’ என்கிறது. 155 பிப்ரவரி 23 சனிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாள். எல்லாம் பொருந்தியது. பின்னால் வந்தவர்கள் அரிஸ்டைடீஸ் சொல்லும் குவாட்ரட்டஸ் வேறு ஆள் என்று சங்கிலியின் ஒரு கண்ணியைக் கழற்றினார்கள். தேதி பற்றிய விவாதமும் ஓயவில்லை. ஆனாலும் பேச்சு 150களின் நடுவிலேயே சுற்றுவதற்கு அவர் காரணம். 1872இல் வந்த ஆசிய மாகாண ஆளுநர் வரிசை நூல் முழுக்க இப்படிப்பட்ட கண்ணிகளால் ஆனது.

நடுவரிசைக் குடியரசுக்காரர்

1871இல் எய்ன் மாவட்டம் அவரைத் தேசிய சபைக்கு அனுப்பியது. தெருவில் தடுப்பு எழுப்பிய குடியரசுக்காரர் அல்ல இவர். இடது நடுவரிசையில் உட்கார்ந்து, குடியரசுத் தலைவர் தியேர் சொன்ன அமைதியான குடியரசை ஏற்றவர். 1873 மே மாதம் கல்வி அமைச்சராகி, தியேர் கவிழ்ந்ததும் ஒரு வாரம்கூட ஆகாமல் வெளியேறினார். 1876இல் மறுபடியும் அதே நாற்காலி. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பட்டத் தேர்வுக் குழுவில் பங்கு கொடுத்த 1875 சட்டத்தைத் திருத்தி, பட்டம் வழங்கும் உரிமையை அரசிடமே வைக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். கீழவை ஏற்றது, செனட் தோற்கடித்தது. 1877 மே 16இல் குடியரசுத் தலைவர் மக்மஹோனுக்கும் அமைச்சரவைக்கும் மூண்ட நெருக்கடியில் அந்த அமைச்சரவையும் போயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் குடியரசுப் பெரும்பான்மை திரும்பி வந்தபோது, பிரதமர் துஃபோர் அவரை வெளியுறவுக்கு எடுத்தார். நாணயத் தட்டுகளை விட்டு எழுந்தவர் ஆறே மாதத்தில் ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க்கின் எதிரே உட்கார வேண்டியிருந்தது.

26 ஜூலை 1878

ரஷ்யா-துருக்கிப் போர் முடிந்து, ஒட்டோமான் பேரரசை யாருக்கு எவ்வளவு வெட்டுவது என்று பேசத்தான் பெர்லின் மாநாடு. 1871இல் தோற்ற பிரான்ஸ் முதல்முறையாக வல்லரசுகளோடு சமமாக உட்காரும் இடம் அது. எகிப்து, சிரியா, புனிதத் தலங்கள் ஆகியவை பற்றிப் பேசக்கூடாது என்று எழுத்தில் ஒப்புதல் கிடைத்தால்தான் வருவோம் என்று வாடிங்டன் முன்கூட்டியே நிபந்தனை போட்டார். கிடைத்தது. மாநாடு ஜூன் 13இல் தொடங்கியது. அது முடியும் தறுவாயில் இங்கிலாந்து ஒரு செய்தியை அவிழ்த்தது. ஜூன் 4ஆம் தேதியே சுல்தானுடன் ரகசிய உடன்படிக்கை செய்து, சைப்ரஸை நிர்வகிக்கும் உரிமையை வாங்கியிருந்தது. வாடிங்டனின் கல்வெட்டுத் தொகுதியில் சைப்ரஸுக்குத் தனிப் பகுதியே உண்டு. அந்தத் தீவை அவர் வரைபடத்தில் மட்டும் அறிந்தவரல்லர்.

அவருடைய கோபத்தைத் தணிக்கத்தான் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் சாலிஸ்பரி, வட ஆப்பிரிக்காவின் துனிஸ் (இன்றைய துனிசியா) பேச்சை எடுத்தார். துனிசில் நீங்கள் விரும்பியதைச் செய்துகொள்ளுங்கள், அங்கே இருக்கும் பழம்பெரும் நகரமான கார்தேஜைக் காட்டுமிராண்டிகள் கையில் விட்டுவைக்க முடியாதே என்ற பொருளில் பேசினார். எல்லாம் வாய்ப்பேச்சு. மாநாட்டு நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. பெயரளவுக்காவது துனிஸ் எந்தச் சுல்தானுக்கு உட்பட்டதோ, அவருடைய தூதர் கராத்தியோதரி பாஷா அதே மண்டபத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

இங்கேதான் எனக்கு வாடிங்டன் முழுதாகத் தெரிகிறார். வேறு அமைச்சராக இருந்தால் அந்தப் பேச்சை நண்பர்களிடம் சொல்லி மகிழ்ந்திருப்பார், அல்லது உடனே படையை அனுப்பச் சொல்லியிருப்பார். இவர் பாரிஸ் திரும்பியதும் ஜூலை 26ஆம் தேதி லண்டனிலிருந்த தூதர் மார்க்கி டார்கூருக்கு ஒரு கடிதம் எழுதினார். யார் என்ன சொன்னார் என்று சாலிஸ்பரியின் சொற்களை வரிசையாக வைத்தார். அதை சாலிஸ்பரியின் பார்வைக்கே கொண்டுபோகச் சொன்னார். இதன் நுட்பம் கவனிக்கத்தக்கது. நேரடியாக ‘நீங்கள் சொன்னதை எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டால் எந்த அமைச்சரும் மறுத்துவிடுவார். தன் பேச்சு இன்னொருவர் கையெழுத்தில் முன்னால் வந்து நிற்கும்போதோ, மறுக்க வேண்டும், இல்லையென்றால் திருத்த வேண்டும். திருத்தினாலே ஒப்புக்கொண்டதாகிவிடும். காய்ந்த பேச்சின்மேல் ஈரத்தாளைப் போர்த்தி அடித்த காரியம் இது.

சாலிஸ்பரிக்கு எரிச்சல் வந்தது. துனிசும் கார்தேஜும் என் சொந்தச் சொத்து போலவும், நான் அவற்றைத் தாராளமாகக் கல்யாணச் சீராகக் கொடுப்பது போலவும் என்னைப் பேசவைத்திருக்கிறார் என்று பாரிஸிலிருந்த தன் தூதர் லயன்ஸ் பிரபுவிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் ஆகஸ்ட் 7ஆம் தேதி அதிகாரப்பூர்வமான பதில் அனுப்பியே ஆகவேண்டியிருந்தது. சொற்களுக்கு அப்படியே பொறுப்பேற்கவில்லை, உள்ளடக்கத்தை மறுக்கவும் இல்லை. துனிசில் பிரெஞ்சுச் செல்வாக்கை எதிர்க்க இங்கிலாந்துக்குக் காரணமில்லை, இத்தாலி என்ன நினைக்கும் என்பது வேறு விஷயம் என்ற அளவில் பதில் முடிந்தது. பிரான்சுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

வாடிங்டன் அந்தத் தாளை உடனே பயன்படுத்தவில்லை. தன் பிரதமர் காலத்தில்கூட துனிசுக்குப் படை அனுப்பவில்லை. 1881இல் ஜூல் ஃபெர்ரி பிரதமராகவும், அரிஸ்டாட்டிலை பிரெஞ்சில் மொழிபெயர்த்த பார்த்தெலமி-சேன்-இலேர் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தபோது படை நுழைந்தது. மே 12ஆம் தேதி துனிசின் ஆட்சியாளரான பே முகம்மது சாதிக் பார்தோ உடன்படிக்கையில் கையொப்பமிட வேண்டியதாயிற்று. லண்டனில் ஆட்சி மாறியிருந்தது. முகம் சுளித்த புதிய வெளியுறவு அமைச்சர் கிரான்வில்லின் முன்னால் 1878ஆம் ஆண்டுக் கடிதங்கள் வந்து நின்றன. முந்தைய அரசு எழுதிக் கொடுத்ததை இந்த அரசு இல்லை என்று சொல்ல வழியில்லை. அந்தக் கடிதப் போக்குவரத்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் வைக்கப்பட்டது. வெறுங்கையோடு திரும்பியவர் என்ற தீர்ப்பு எனக்கு ஒப்பாததற்கு இதுவே காரணம்.

அதே இடத்தில்தான் நெஞ்சு கனக்கிறது. லாம்டாவின் நடுவில் கோடு உண்டா இல்லையா என்று கல்லின் முன்னால் மண்டியிட்டுப் பார்த்த மனிதர், துனிசில் வாழ்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டதற்கு அந்தக் கடிதத்தில் தடயம் இல்லை. கார்தேஜ் என்ற சொல் அவருக்கு எப்படி ஒலித்திருக்கும் என்று யோசிக்கிறேன். ஆளுநர்களின் பெயர்ப்பட்டியல் வழியாக மாகாணங்களைப் பார்த்துப் பழகிய கண் அது. ஆளப்படுகிறவர்களை அவர் அறியாதவரும் அல்லர். டயோக்ளீஷியன் கி.பி. 301இல் போட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையை 1864இல் உரையோடு பதிப்பித்தவர் அவர். கூலியாளுக்குச் சாப்பாட்டோடு நாளைக்கு 25 தினாரி (ரோமானியக் காசு) என்று உச்சவரம்பு போடும் ஆணை அது. மீறினால் மரண தண்டனை. கல்லில் அகப்பட்ட கூலிக்காரரைப் பார்த்த கண்ணுக்கு, உயிரோடு இருந்த துனிசியர் தட்டுப்படவில்லை என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

ஆற்றின் பெயர் எல்லையாகாது

பெர்லினில் அவர் உண்மையாக உழைத்தது கிரேக்க எல்லைக்காக. ஜூலை 5 அமர்வில் அவர் முன்வைத்த யோசனை, பதின்மூன்றாம் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. ஏஜியன் பக்கம் சாலம்வ்ரியா ஆற்றின் பள்ளத்தாக்கு, மேற்குக் கரைப் பக்கம் கலாமாஸ் ஆற்றின் பள்ளத்தாக்கு. இந்த இரண்டையும் ஒட்டிப் புதிய எல்லை அமையலாம் என்பது அது. அந்த மண்ணை அறிந்தவரின் யோசனைதான். ஆனால் வாசகத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, சுல்தானுக்குக் கட்டளை எதுவும் இல்லை, யோசனை மட்டுமே. ஒத்துப்போகாவிட்டால் வல்லரசுகள் நடுவர் வேலை பார்க்கலாம் என்று மட்டும் உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு சொன்னது. இரண்டாவது, ‘பள்ளத்தாக்கு’ என்பது கோடு அல்ல. ஆற்றின் எந்தக் கரை, எந்த மலைமுகடு, நடுவிலுள்ள மலைத்தொடரை எங்கே தாண்டுவது என்று ஒன்றும் இல்லை. ஒட்டோமான் அரசு அந்த இடைவெளியில் மூன்றாண்டுகள் இழுத்தடித்தது. 1881இல் கிரேக்கத்துக்கு தெஸ்ஸாலியின் பெரும்பகுதியும் மேற்கே ஆர்த்தாவும் கிடைத்தன. கலாமாஸ் கிடைக்கவில்லை.

ருமேனிய யூதர்கள் விஷயமும் இப்படியே. மதம் எதுவானாலும் குடியுரிமையில் வேறுபாடு கூடாது என்பதை ருமேனிய விடுதலைக்கு நிபந்தனையாக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் வாடிங்டன். 44ஆம் பிரிவு அப்படித்தான் பிறந்தது. ருமேனியா 1879இல் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. யூதர்களும் குடிமக்களாகலாம், ஆனால் ஒவ்வொருவராக விண்ணப்பித்து, தனித்தனியே சட்டம் போட்டு ஏற்க வேண்டும் என்று எழுதிவைத்தது. மதத்தால் தடை கூடாது என்றுதான் பிரிவு சொன்னது. ஏற்கெனவே அங்கே பிறந்து வாழ்கிறவர்கள் அந்நியர்களா, குடிமக்களா என்று சொல்லவில்லை. அந்தச் சந்துக்குள் ஒரு சமூகம் முழுவதும் சிக்கியது. 1880இல் பிரான்சும் இங்கிலாந்தும் ஜெர்மனியும் அதையே ஏற்று ருமேனியாவை அங்கீகரித்தன.

அவர் பிரதமராக இருந்த 1879ஐ விரைவாகக் கடந்துவிடலாம். ‘மார்செயேஸ்’ மறுபடியும் தேசிய கீதமானதும், 1871 பாரிஸ் கம்யூன் கிளர்ச்சியில் இருந்தவர்களுக்குப் பகுதி மன்னிப்பு வந்ததும், நாடாளுமன்றம் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பியதும் அந்த ஆண்டுதான். இடது பக்கம் இன்னும் வேகம் கேட்டது, அவரால் கொடுக்க முடியவில்லை, டிசம்பர் 28இல் விலகினார்.

லண்டன்

1883இல் மாஸ்கோவில் மூன்றாம் அலெக்சாண்டரின் முடிசூட்டு விழாவுக்குச் சிறப்புத் தூதராகப் போய்வந்த கையோடு லண்டன் தூதரானார். ஆங்கிலேயர்போல ஆங்கிலம் பேசிய தூதர் என்பது லண்டனில் பலம், பாரிஸில் பலவீனம். பிரெஞ்சுப் பத்திரிகைகளுக்கு அந்த ஆங்கிலப் பெயரே போதுமானதாக இருந்தது. எகிப்திலிருந்து பிரிட்டிஷ் படை வெளியேறும் நாளைக் குறிக்கச் சொல்லிப் பத்தாண்டுகள் கேட்டும் பதில் கிடைக்கவில்லை. தூதர் வாழ்க்கையின் பெரிய தோல்வி அதுதான்.

1890இல் பழைய தாள் ஒன்று மறுபடியும் கைகொடுத்தது. ஜூலை 1ஆம் தேதி இங்கிலாந்து ஜெர்மனியுடன் ஒப்பந்தம் செய்து, ஹெலிகோலந்து தீவைக் கொடுத்து சான்சிபாரைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. 1862 மார்ச் 10ஆம் தேதி, சான்சிபார் சுல்தானின் சுதந்திரத்தை மதிப்போம் என்று இங்கிலாந்தும் பிரான்சும் கூட்டாக அறிவித்த ஆவணம் ஒன்று கிடந்தது. பிரான்சின் ஒப்புதல் இல்லாமல் அதை மீற முடியாது. பேரம் தொடங்கியது. ஆகஸ்ட் 5ஆம் தேதி சாலிஸ்பரியும் வாடிங்டனும் கையெழுத்திட்டார்கள். சான்சிபாருக்கு ஈடாக மடகாஸ்கரில் பிரெஞ்சுப் பாதுகாப்பு ஆட்சியை இங்கிலாந்து ஏற்றது. நைஜர் ஆற்றின் கரையிலுள்ள சே என்ற ஊரிலிருந்து சாட் ஏரிக்கரையின் பர்ருவா வரை ஒரு கோடு. அதற்கு வடக்கே பிரான்ஸ். வேளாண்மை செய்பவர்கள் இதை மிக இலேசான மண் என்பார்கள் என்று சாலிஸ்பரி பிரபுக்கள் அவையில் சொன்னார். மடகாஸ்கரிலோ சான்சிபாரிலோ யாரையும் கேட்டுக்கொண்டு அந்தக் கையெழுத்து விழவில்லை. பள்ளத்தாக்கு என்று எழுதிப் பட்ட பாட்டுக்குப் பிறகு, இம்முறை இரண்டு முனைகளுக்கும் ஊர்ப்பெயர் இருந்தது. அந்த முன்னேற்றத்தை நினைத்து மகிழ என்னால் முடியவில்லை.

1893இல் தூதர் பொறுப்பிலிருந்து விலகினார். 1894 ஜனவரி செனட் தேர்தலில் எய்ன் மாவட்டம் அவரைக் கைவிட்டது. அந்த மாதம் 13ஆம் தேதி பாரிஸில் இறந்தார்.

1897இல் அவருடைய ஆசியா மைனர் நாணயங்களைப் பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் நாணயப் பிரிவு வாங்கியது. ஏழாயிரத்துக்கும் மேல். எர்னஸ்ட் பாபலோன் அடுத்த ஆண்டே பட்டியல் போட்டார். வாடிங்டன் தொடங்கி முடிக்காமல் போன ஆசியா மைனர் நாணயப் பெருந்தொகுப்பை பாபலோனும் தியோடோர் ரெனாக்கும் 1904 முதல் வெளியிட்டார்கள். ரோமானியக் காலத்து நகரக் காசுகளின் ஒரு பக்கத்தில் பேரரசரின் தலை இருக்கும். சிலவற்றில் ‘எபி’ என்று தொடங்கி, இன்னார் ஆளுநராக இருந்தபோது என்று பெயர் வரும். ஆளுநர் வரிசையை வாடிங்டன் கோத்தது பாதி இவற்றை வைத்துத்தான். மறுபக்கம் ஊரின் கோயிலோ ஆற்றுத்தெய்வமோ இருக்கும். அதைச் சுற்றி ஊரின் பெயருக்குப் பதிலாக ஊர்க்காரர்களின் பெயர் பன்மையில், வேற்றுமை உருபோடு நிற்கும்: ‘ஸ்மிர்னாக்காரர்களுடையது’.